மேல்காற்றுக்கு ஏற்ற இயந்திரம்: கமுதிப் பக்கத்துக் கிராமத்தில் ஏர் கூலருடன் இரண்டு கோடைகள்

2024 சித்திரை இரண்டாம் வாரத்தில் பரமக்குடிக் கடைவீதியில் ஓர் ஏர் கூலர் வாங்கினேன். 70 லிட்டர் தொட்டி, மூன்று பக்கமும் தேன்கூடு அட்டை, 190 வாட் மோட்டார், பிளாஸ்டிக் உடல், அடியில் நான்கு சக்கரங்கள். விலை 11,800 ரூபாய். கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் இடையில் உள்ள கரிசல் கிராமத்தில், தளம் போட்ட எங்கள் வீட்டின் ஓர் அறையில் அது இரண்டு கோடைகளாக ஓடியிருக்கிறது. அந்த அறையில் படுப்பவர் என் அம்மா. அவருக்கு 78 வயது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தளம் இரவு பன்னிரண்டு மணி வரை அனலை இறக்கிக்கொண்டே இருப்பதால், பங்குனி பிறந்துவிட்டால் அவர் ஒழுங்காக உறங்குவதில்லை. அவர் உறங்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிய பொருள் என்பதால், அதை அந்த ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கு எழுதப்போவதில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கூலர் விற்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைவிட, அந்த இயந்திரத்தை எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தத் திசைக் காற்றில் ஓட்டுகிறோம் என்பதில் இருக்கும் வேறுபாடு பல மடங்கு பெரியது. முதல் கோடையில் இது எனக்குத் தெரியாது. "நம்ம ராம்நாடு வறண்ட மாவட்டம்ணே, கூலருக்கு இதைவிடத் தோதான ஊரு கெடையாது" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை. மழையின் வறட்சியையும் காற்றின் வறட்சியையும் ஒன்றாக நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 820 மி.மீ. ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரில் பெய்வதைப்போல நான்கு மடங்கு. இங்குள்ள துன்பம் அளவில் இருப்பதைவிட, அந்த மழை பெய்யும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் கண்மாயில் நின்றதை வைத்துத்தான் பிழைப்பு. அதற்காகத்தான் நம் முன்னோர் இந்தத் தட்டைச் சீமையெங்கும் கண்மாய்களை வெட்டி, "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பெருமையோடு சொல்லும் அளவுக்குப் பெரிதாகவும் வெட்டினார்கள். ஆனால் இதே மாவட்டத்துக்கு 230 கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரை இருக்கிறது. கிழக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மண் வெடித்துக் கிடக்கும் நாளிலும் கடலிலிருந்து வரும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். கூலர் என்ற இயந்திரத்துக்கு மண்ணின் வறட்சி ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது வறண்ட காற்று.

காரணம் எளியது. மண்பானை எந்த விதியால் தண்ணீரைக் குளிர்விக்கிறதோ, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறை எந்த விதியால் குளிர்கிறதோ, அதே விதியால்தான் கூலரும் வேலை செய்கிறது. பம்பு தேன்கூடு அட்டைகளை நனைக்கிறது, விசிறி அவற்றின் வழியே காற்றை இழுத்து அறைக்குள் விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. என் கூலர் நல்ல வறண்ட பிற்பகலில் மணிக்கு 6 லிட்டர் குடிக்கிறது என்றால், அது ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பத்தை அகற்றுகிறது. 190 வாட் மின்சாரத்துக்கு இது பெரிய வேலை. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது. ஆவியாகாத தண்ணீர் குளிர்விக்காது. எவ்வளவு குளிரும் என்பதற்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி விசிறிக்கு எதிரே பிடித்தால் அது எந்த அளவுக்கு இறங்குகிறதோ, அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. உலகத்தின் எந்தச் சாதாரணக் கூலரும் அந்த எல்லைக்குக் கீழே காற்றைக் கொண்டுபோக முடியாது. நல்ல அட்டை போட்ட வீட்டுக் கூலர், வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் அந்த எல்லைக்கும் இடையிலுள்ள தொலைவில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கடக்கும்.

முதல் கோடையில் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கூலரைப் பெரும் நம்பிக்கையோடு ஓடவிட்டேன். பிற்பகலில் சுமாராக இருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்ததும், அறையில் ஒருவித நசநசப்பு ஏறியது. தலையணை உறை ஈரமாகத் தோன்றியது. அம்மா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். இயந்திரத்தில்தான் குறை என்று எண்ணிக் கடைக்குத் தொலைபேசி செய்தேன். ஐஸ் கட்டி போடச் சொன்னார்கள். மேலே அதற்கென்று ஒரு பெட்டியே வைத்திருக்கிறார்கள். நானும் நான்கு நாட்கள் இரண்டு கிலோ ஐஸ் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம் 334 கிலோஜூல்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு கிலோ ஐஸ் செய்யும் வேலையை, வறண்ட காற்று கிடைத்தால் இந்தக் கூலர் ஐஸே இல்லாமல் மூன்று நிமிடத்தில் செய்துவிடும். ஆகவே ஐஸ் பெட்டி இருக்கிறது என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம் என்று வாங்க நினைப்பவர்களுக்கு உறுதியாகச் சொல்வேன்.

வைகாசி முழுவதும் அது ஒரு மூலையில் மின்விசிறியாகவே நின்றது. ஏமாந்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. ஆனி பிறந்து மூன்றாம் வாரம், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எழுந்தது. அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு, அனல் தாங்காமல் கூலரை மீண்டும் சன்னல் பக்கம் இழுத்துவைத்துப் பம்பைப் போட்டேன். அரை மணி நேரத்தில் அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "இன்னிக்கு என்னப்பா செஞ்ச இத?" என்று கேட்டார். நான் எதுவும் செய்யவில்லை. காற்றின் திசைதான் மாறியிருந்தது.

அன்றிலிருந்துதான் அளந்து எழுதத் தொடங்கினேன். இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துண்டை நனைத்துச் சுற்றியிருப்பேன். அந்த ஆனிப் பிற்பகல்களில் வெளிக்காற்று 38 டிகிரி, ஈரக்குமிழ் 25 டிகிரி. கூலரின் வாயில் 28 டிகிரி. பத்து டிகிரி இறக்கம். அடுத்த ஆண்டு சித்திரையில், கடற்காற்று வந்த பிறகு மாலை ஐந்தரை மணிக்கு எழுதிய கணக்கு வேறு: வெளியே 34, ஈரக்குமிழ் 28, கூலர் வாயில் 29.5. இறங்கியது நாலரை டிகிரிதான். அதிலும் அந்தக் காற்று ஏறத்தாழ ஈரம் நிறைந்த காற்று என்பதால் உடம்பில் வியர்வை காயாது. வியர்வை உலர்வதும் கூலர் குளிர்வதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. எனவே கூலர் தோற்கும் நேரத்தில் அது வெறுமனே பயன்படாமல் போவதில்லை. மூடிய அறையில் ஈரத்தை ஏற்றிவிட்டு, உடம்பு தானாகச் செய்துகொள்ளும் குளிர்ச்சியையும் கெடுக்கிறது. வயதானவர்கள் படுக்கும் அறையில் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட மாலைகளில் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவதே நல்லது.

மேல்காற்று ஏன் இவ்வளவு வறண்டு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலும் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டுத்தான் நம் பக்கம் இறங்குகிறது. ஈரத்தோடு மலை ஏறும்போது மெதுவாகக் குளிர்ந்த காற்று, ஈரத்தை இழந்து இறங்கும்போது ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி என்ற கணக்கில் வேகமாகச் சூடேறுகிறது. தேனி, மதுரை, விருதுநகர்ச் சமவெளியைக் கடந்து கமுதிக்கு வரும்போது அது சூடாகவும் வறண்டும் இருக்கும். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பழந்தமிழில் கோடை என்றே பெயர் வைத்தார்கள். கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றார்கள், கொண்டல் என்றால் மேகம். எது வறட்சியைக் கொண்டுவருகிறது, எது ஈரத்தைக் கொண்டுவருகிறது என்பதை இந்த இரண்டு பெயர்களிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூலர் வாங்கும் முன் நான் படித்திருக்க வேண்டிய விளக்கக் கையேடு அதுதான். அந்த மாதங்களில் மேல்காற்றின் வேகம் கடற்காற்றை உள்ளே வரவிடாமல் மாலை வரை தடுத்துவிடுவதால், கூலருக்கு நீண்ட பகல் கிடைக்கிறது. ஆக, இந்தச் சீமையில் கூலரின் பருவம் எல்லோரும் நினைப்பதுபோல் அக்னி நட்சத்திரம் அன்று. ஆனியும் ஆடியும், ஆவணியின் முதல் பாதியும்தான். பள்ளிகள் திறந்து, கடைகளில் கூலர் விற்பனை ஓய்ந்த பிறகே அதன் உண்மையான வேலை தொடங்குகிறது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பெண்கள் தள்ளுவண்டியில் எட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடியில் நிற்கிறார்கள். வராத நாளில் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் கூலருக்கு ஏறத்தாழ 50 லிட்டர் வேண்டும். அது மூன்று குடத்துக்கும் அதிகம். குடிப்பதற்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரைக் காற்றில் கலக்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே முதல் ஆண்டு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அதன் விளைவை ஆவணியில் கண்டேன். மேற்குப் பக்கத்து அட்டையைக் கழற்றினால், தேன்கூட்டுக் கண்களில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக அடைந்திருந்தது. விரலால் அழுத்தினால் முறுக்குபோல் நொறுங்கி விழுந்தது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கி, மேலே மேலே ஊற்றும் தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகிக்கொண்டே போகும். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுவதும் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினால் இது குறையும் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று அட்டைகளையும் மாற்ற 1,800 ரூபாய் ஆனது.

அந்த ஐப்பசிக்கு முன் ஒரு வேலை செய்தேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான காலத்தில், எங்கள் வீட்டுத் தளத்திலிருந்து ஒரு குழாயை இறக்கி மண்ணுக்குள் விட்டிருந்தார் அப்பா. அதைத் திருப்பி, சல்லடையும் மூடியும் வைத்த 10,000 லிட்டர் சிமெண்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். தளத்தின் பரப்பு 600 சதுர அடி. வடகிழக்குப் பருவத்தில் 500 மி.மீ. பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது சுமார் 28,000 லிட்டர். சிந்தியது, முதல் மழையில் கழுவிவிட்டது எல்லாம் போக, தொட்டி கார்த்திகை முடிவதற்குள் நிரம்பி வழிந்தது. கூலருக்கு 100 நாளைக்குத் தேவை 5,000 லிட்டர். மீதி பாதித் தொட்டி சமையலுக்கும் பயன்பட்டது. மழைத் தண்ணீரில் உப்பு இல்லாததால், இரண்டாம் ஆண்டு ஆடி முடிந்து அட்டையைக் கழற்றியபோது கண்கள் எல்லாம் திறந்தே இருந்தன. கரிசல் தூசி மட்டும் படிந்திருந்தது, குழாயால் பீய்ச்சியதும் போய்விட்டது. ஐப்பசியில் பெய்த மழையைக் கட்டிவைத்து ஆனியின் அனலுக்குச் செலவழிப்பது என்பது எங்கள் ஊர்க் கண்மாய் காலங்காலமாகச் செய்துவரும் வேலைதான். வீட்டளவில் அதைச் செய்து முடித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவை மறைக்க விரும்பவில்லை.

இயந்திரத்தின் மற்றக் குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் உடல் நல்ல தேர்வு. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் இரும்புக் கூலர் உப்புத் தண்ணீரில் மூன்றே ஆண்டில் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதிகபட்ச வேகத்தில் இரைச்சல் கூடுதல்; நடு வேகத்தில் உறங்க முடிகிறது. இரவு மின்சாரம் நின்றால், வீட்டிலுள்ள சாதாரண இன்வெர்ட்டரில் நான்கு மணி நேரம் ஓடுகிறது. ஒன்றரை டன் ஏசியால் இது முடியாது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுதான் செலவு. பம்புதான் பலவீனமான இடம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் முதலில் பறப்பது கரிசல் தூசி. அது தொட்டியின் அடியில் சேறாகப் படிந்து, முதல் ஆண்டிலேயே பம்பை அடைத்து எரித்துவிட்டது. உத்தரவாதக் காலத்திலேயே பழுது நீக்க ஆள் வருவதற்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் அம்மா உறங்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இப்போது பம்பின் வாயில் மெல்லிய நைலான் வலை கட்டியிருக்கிறேன். கூடுதலாக ஒரு பம்பும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகளை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கூலர் ஓடும் அறையைச் சாத்திவைக்கக் கூடாது. கூலர் வெளிக்காற்றை இழுக்கும்படி மேற்குச் சன்னலில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துச் சன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும். ஏசி பழகியவர்கள் செய்யும் முதல் தவறு கதவைச் சாத்துவதே. மற்றொன்று, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கூலர் தொட்டியில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. ஆகவே தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், ஊரைச் சொல்லுங்கள் என்று கேட்பேன். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, அபிராமம் பக்கம் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெரும் பயன் ஆனியில்தான் கிடைக்கும் என்று தெரிந்து வாங்க வேண்டும். இராமநாதபுரம் நகரத்தில் மேல்காற்று வலுவாக வீசும் நாட்களில் பயன்படும், மற்ற நாட்களில் விசிறியோடு சரி. இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரத்தில் இருப்பவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அங்கே வெப்பம் எங்கள் ஊரைவிடக் குறைவு; ஆனால் ஈரக்குமிழ் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்கும். அந்தப் பணத்தில் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு நல்ல மின்விசிறியும் வாங்கிவிடலாம். எங்கள் வீட்டிலும் இரண்டாம் ஆண்டு பங்குனியில் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கூலர் தோற்கும் சித்திரை இரவுகளில் கைகொடுத்தது அந்தச் சுண்ணாம்புதான்.

ஆவணி கடைசியில் அட்டைகளைக் கழற்றி நிழலில் காயவைத்து, பம்பைத் துடைத்து, தொட்டியின் அடைப்பானைத் திறந்துவைத்துப் பழைய போர்வையால் மூடிவைத்துவிட்டேன். அட்டைகளை வெயிலில் வைத்தால் பசை விட்டு ஓரம் பிரிந்துவிடும். தளத்தில் விழுந்து கிடக்கும் வேப்பஞ்சருகைக் கூட்டி, குழாய் வாயில் உள்ள சல்லடையையும் கழுவிவிட்டேன். மேகம் இன்னும் கிழக்கே திரளவில்லை.